ரிச்சி தெருவில் பத்து நிமிட இரைச்சல்

கடைக்காரர் முதலில் எடுத்து வைத்தது 15 அங்குல லேப்டாப். "எட்டு கோர் சார், கேம் எல்லாம் பறக்கும்" என்றார். எனக்குப் பறக்க வேண்டாம், நேரத்துக்கு வந்தால் போதும். அதை அவருக்கு எப்படிச் சொல்வது?

நான் செய்வதை வீட்டில் இசை என்று ஒப்புக்கொள்வதில்லை. பிரிட்ஜ், டிரான்ஸ்பார்மர், மிக்ஸி எல்லாம் போடும் சத்தத்தைப் பதிவு செய்து, சூப்பர்கொலைடர் என்ற, நிரல் எழுதி ஒலி உண்டாக்கும் மென்பொருளில் இழுத்து, நறுக்கி, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குவேன். மேசை இரண்டடி. அதில் ஒரு சின்ன மிக்சரும், அடியில் பீசோ (அதிர்வை ஒலி சிக்னலாக மாற்றும் வில்லை) ஒட்டிய முறுக்கு டின்னும் போக மிச்ச இடம்தான் கம்ப்யூட்டருக்கு.

முன்பு விசிறியே இல்லாத ஒரு குட்டி லேப்டாப் வைத்திருந்தேன். சத்தமே போடாது, நமக்கு ஏற்றது என்று நினைத்து வாங்கியது. இருபது நிமிடம் ஓடினால் சூடாகும். சூடானதும் பிராசசர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்புறம் வரும் ஒலி படபடவென்று பொரியும். நண்பர் வீட்டு மாடியில் வாசித்தபோது கடைசிப் பத்து நிமிடமும் அப்படித்தான் போனது. வந்திருந்தவர்களில் ஒருவர், "முடிவுல அந்தப் பொரியல் பிரமாதம்" என்றார். நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

விஷயம் இவ்வளவுதான். ஒரு விநாடி ஒலிக்கு 48,000 சாம்பிள், அதாவது ஒலியின் அளவைச் சொல்லும் எண்கள். அதை 128, 128 ஆகக் கட்டி அனுப்பச் சொன்னால் விநாடிக்கு 375 கட்டு, அதாவது ஒவ்வொரு 2.67 மில்லிவிநாடிக்கும் ஒன்று. 374 கட்டு சரியாக வந்து ஒன்று பிந்தினாலும் காதில் 'டப்'. எட்டு கோர் இருந்தும் பெரிய பயனில்லை. சூப்பர்கொலைடரில் ஒலியைக் கணக்கிடும் பகுதிக்கு சர்வர் என்று பெயர். வழக்கமான சர்வர் அதை ஒரே கோரில்தான் செய்யும். வேலையைப் பல கோருக்குப் பிரிக்கும் சூப்பர்நோவா என்ற சர்வரும் உண்டு, ஆனால் என் பழைய நிரல்களை அதற்கேற்ப மாற்றி எழுத எனக்குப் பொறுமை இல்லை.

அதனால் கடைக்கு டெபியன் லினக்ஸ் போட்ட பென் டிரைவும் ஹெட்போனும் கொண்டு போயிருந்தேன். இருநூறு சைன் அலைகளை மெல்ல அசைக்கும் ஒரு நிரல், பக்கத்தில் பிடபிள்யூ-டாப், லினக்ஸில் ஒலியைக் கடத்தும் பைப்வயர் எப்படி ஓடுகிறது என்று காட்டும் பட்டியல். அதில் 'ஈஆர்ஆர்' என்ற பத்தியைத்தான் பார்க்க வேண்டும். கட்டு பிந்தும்போதெல்லாம் அந்த எண் கூடும். மூன்றாவதாக எடுத்துக் கொடுத்த திங்க்பேட் எக்ஸ்220 லேப்டாப்பில் பத்து நிமிடம் ஓடியது. வைஃபை இருந்தபோது 4. அணைத்துவிட்டு, பிராசசரை ஒரே வேகத்தில் ஓடும்படி வைத்து மறுபடி ஓட்டினேன். பூஜ்யம். கடைப் பையன் ஹெட்போனை வாங்கிக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, "அண்ணே, ஸ்பீக்கர் போயிருச்சுன்னு நினைக்கிறேன்" என்றான்.

2011இல் வந்த மாடல். 12.5 அங்குலத் திரை, கழற்றி மாற்றக்கூடிய பேட்டரி, ஏழு வரிசை விசைப்பலகை. பேரம் பேசி 11,500 ரூபாய். ரேமை நாமே கூட்டிக்கொள்ளலாம். என் சவுண்டு கார்டு பொது யூஎஸ்பி தரத்தைப் பின்பற்றுவது, டிரைவர் கேட்காது.

ஒன்றுக்கு மட்டும் பழக வேண்டியிருந்தது. சூப்பர்கொலைடரில் எல்லாச் சத்தத்தையும் நிறுத்த கன்ட்ரோலும் முற்றுப்புள்ளியும். இதில் இடது மூலையில் இருப்பது எஃப்என், அதற்கு அடுத்ததுதான் கன்ட்ரோல். முதல் ராத்திரி பீசோ ஃபீட்பேக் எகிறியபோது என் விரல் பழக்க தோஷத்தில் மூலையையே குத்திக்கொண்டிருந்தது. கடைசியில் ஒயரைப் பிடுங்கினேன். மறுநாள் பயாஸில் (லேப்டாப்பின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் திரை) போய் இரண்டையும் இடம் மாற்றினேன். அதற்கென்றே ஒரு வசதி அதில் இருக்கிறது.

பேட்டரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். சார்ஜர் செருகியிருந்தால் மிக்சரில் 'ம்ம்ம்' என்று ஒரு 50 ஹெர்ட்ஸ் முனகல். சார்ஜரும் மிக்சரும் எர்த் வழியாக ஒரு வளையமாகச் சுற்றிக்கொள்வதால் வருவது. சார்ஜரைப் பிடுங்கினால் போய்விடும். அதனால் வாசிக்கும்போது பேட்டரியில்தான். கடைக்காரர் கொடுத்தது நாற்பது நிமிடம்கூட நிற்கவில்லை, புதிது வாங்க வேண்டியதாயிற்று.

பிடுங்குவதற்கு முன்னால் அந்த முனகலை மூன்று நிமிடம் பதிவு செய்து வைத்துக்கொண்டேன். பிரிட்ஜோடு நன்றாகச் சேருகிறது.