பூச்சி எண்ணிக்கையின் சராசரிகளை ஒப்பிட்ட அனுபவம்

பருத்தியில் வெள்ளை ஈ எண்ணும் ஆய்வில் இருக்கிறேன். இரண்டு மருந்துகளின் சராசரி உண்மையிலேயே வேறுதானா என்று சொல்லியாக வேண்டும். சொந்தத் தரவில் கை வைக்கும் முன், ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளோடு கூடவே வரும் ‘இன்செக்ட்ஸ்பிரேஸ்’ தரவில் பழகினேன். 1942-இல் பயோமெட்ரிக்கா இதழில் பீல் எழுதிய கட்டுரையிலிருந்து எடுத்தது. ஏ முதல் எஃப் வரை ஆறு பூச்சிமருந்துகள், ஒவ்வொன்றுக்கும் 12 திடல்களின் பூச்சி எண்ணிக்கைகள்.

ஏ மருந்துக்குச் சராசரி 14.5, சி-க்கு 2.08. இதற்குச் சோதனையே தேவையில்லை. சி-யையும் இ-யையும் ஒப்பிடும்போதுதான் விஷயம் இருக்கிறது. சி-யில் மொத்தம் 25 பூச்சி, இ-யில் 42, சராசரி 2.08, 3.5.

எண்ணிக்கைத் தரவு என்றதும் பாய்சான் ரெக்ரஷன் என்ற, எண்ணிக்கைகளுக்கான கணக்குமுறைதான் வழக்கம். போட்டேன், பி-மதிப்பு (உண்மையில் வேறுபாடே இல்லாவிட்டாலும் இவ்வளவோ இதைவிட அதிகமோ வித்தியாசம் தற்செயலாக வரும் வாய்ப்பு) 0.04. வழக்கமான எல்லை 0.05, அதற்குக் கீழே. பலர் இங்கேயே நிறுத்தி, ‘வேறுபாடு உண்டு’ என்று எழுதிவிடுகிறார்கள். தயவுசெய்து நிறுத்தாதீர்கள். பாய்சானில் சராசரியும் வேரியன்ஸும் (எண்கள் சராசரியைச் சுற்றிச் சிதறும் அளவு) சமமாக இருக்க வேண்டும். இ-யில் வேரியன்ஸ் 3.0, பரவாயில்லை. சி-யிலோ 3.9, சராசரியைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. எண்களை வரிசையாகப் பார்த்தால் காரணம் தெரியும்: 0, 1, 7, 2, 3, 1, 2, 1, 3, 0, 1, 4. அந்த ஒற்றை 7 மட்டுமே சி-யின் மொத்தச் சிதறலில் பாதிக்கு மேல் கொண்டுவருகிறது. அதற்காக அதைத் தூக்கி எறிய முடியாது. வயலில் பூச்சி கூட்டமாகத்தான் சேரும்.

இந்தக் கூடுதல் சிதறலையும் கணக்கில் எடுக்கும் குவாசி-பாய்சானுக்கு மாறினேன். இரு குழுவையும் சேர்த்துக் கணக்கிட்ட சிதறல், பாய்சான் எதிர்பார்ப்பதைப் போல 1.4 மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. அதன் வர்க்கமூலத்தால் திட்டப்பிழை (மதிப்பீடு எவ்வளவு தடுமாறலாம் என்ற அளவு) பெரிதாகிறது, பி-மதிப்பு 0.09 ஆகிறது. இரு குழுவின் வேரியன்ஸும் சமம் என்று கருதாமல் சராசரிகளை ஒப்பிடும் வெல்ச் டி-சோதனை 0.07-க்கும் 0.08-க்கும் இடையில் தந்தது. 24 எண்களையும் கலைத்துக் கலைத்துப் பங்கிட்டுப் பார்க்கும் சோதனையும் 0.05-க்கு மேலேயே நின்றது. மூன்றும் ஒரே பக்கம் சொன்ன பிறகுதான் எனக்கு நிம்மதி.

பி-மதிப்பை மட்டும் எழுதாமல் விகிதத்தையும் எழுதுகிறேன்: சி-யைப் போல இ-யில் 1.68 மடங்கு பூச்சி. உண்மையான விகிதம் எதற்குள் இருக்கலாம் என்று காட்டும் 95 சதவீத நம்பக இடைவெளி 0.91 முதல் 3.1 வரை; இரண்டும் சமம் என்று பொருள்படும் 1-உம் அதற்குள் வருகிறது. ‘வேறுபாடு இல்லை’ என்று இதற்குப் பொருளில்லை. 12 திடல்கள் போதவில்லை, அவ்வளவுதான்.

எங்கள் பருத்தி வயலில் ஒரு பாத்தியில் பல இலைகளை எண்ணுகிறோம். அவை ஒன்றையொன்று சாராதவை அல்ல. அதனால் பாத்திக்கு ஒரே கூட்டுத்தொகை என்று வைத்துக்கொண்டு, அடுத்த பருவத்துக்குக் கூடுதல் பாத்தி கேட்டிருக்கிறேன்.