ஒன்பது பேருக்கு மட்டும் சரி

ஜூன் 11, 2024

எங்கள் பால் சொசைட்டியில் காலைப் பால் எடுத்து முடிந்து கேன் வண்டி கிளம்பின பிறகு ஒரு ஆத்தா வந்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்து, பால் ஊற்றியதற்கான சீட்டுகளை மேசையில் பரப்பினார். பத்து நாள், இரண்டு வேளை, இருபது சீட்டு. ஒன்றுகூடத் தொலையவில்லை.

"கூட்டிப் பாரு கண்ணு. பேரன் கூட்டினான், எம்பத்தி நாலு லிட்டர் வருது. நீங்க எம்பத்திரண்டரைச் சொச்சம்தான் போட்டிருக்கீங்க."

கூட்டினேன். 84.00. பட்டுவாடாப் பட்டியலில் 82.68. குறைவது 1.32 லிட்டர்.

"தட்டினதுல தப்பாயிருக்கும் தம்பி, அடுத்த பட்டுவாடால சேத்துக் குடுத்தரலாம்" என்றார் செயலாளர். நானும் தலையாட்டப் பார்த்தேன். ஆனால் இந்த எண்ணை யாரும் தட்டுவதே இல்லை. எடை மெஷின் சீட்டை அடிக்கிறது, அதே எண்ணை ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் எழுதுகிறது, அந்த ஃபைல் பென்டிரைவில் ஏறி கணக்கு ப்ரோக்ராமுக்குள் போகிறது. கை படாத வழியில் 1.32 லிட்டர் எங்கே சிந்தும்?

சீட்டுகளை வாங்கி வைத்துக்கொண்டு இரண்டு நாள் டைம் கேட்டேன். ஆத்தாவுக்கு சீட்டைக் கொடுக்க மனசே இல்லை.

ராத்திரி வீட்டில், உபுண்டு போட்ட பழைய லேப்டாப்பில் இரண்டு ஃபைலையும் வைத்தேன். மெஷின் கொடுத்த பத்து நாள் மொத்தம் ஒன்று, ப்ரோக்ராம் கொடுத்தது ஒன்று. இரண்டிலும் 186 வரி, வரிக்கு இரண்டே பத்தி: உறுப்பினர் எண், லிட்டர். முதலில் கை போனது இரண்டு ஃபைலை வரிக்கு வரி ஒப்பிடும் டிஃப் கட்டளைக்கு. அது 186 வரியையும் வித்தியாசம் என்று துப்பியது. மெஷின் 12.50 என்று எழுதினால் ப்ரோக்ராம் 12.5 என்று எழுதுகிறது. டிஃப்புக்கு எழுத்துதான் தெரியும், எண் தெரியாது. அதைக் குறை சொல்லி என்ன, நான்தான் ஆள் மாற்றி வேலை சொல்லிவிட்டேன்.

ஜூன் 12

சாயங்கால வேளை முடிந்து வந்து மறுபடி உட்கார்ந்தேன். கட்டளைகளை வாங்கி ஓட்டும் பேஷில் ஒரு லூப் போட்டு வரிவரியாகப் படித்து ஒப்பிடலாம் என்று நினைத்தது சுத்த வீண். பேஷுக்கு தசமப் புள்ளியே ஆகாது. 84.00 பெரிதா 82.68 பெரிதா என்று கேட்டால் முழு எண் கொடு என்று முறைக்கிறது. போதாததற்கு 008 என்ற உறுப்பினர் எண்ணைக் கணக்கில் போட்டால், முன்னால் பூஜ்யம் இருப்பதால் எட்டடிமான எண் என்று எடுத்துக்கொண்டு, எட்டடிமானத்தில் 8 ஏது என்று சண்டைக்கு வருகிறது.

அடுத்து ஜாயின். இரண்டு ஃபைலையும் உறுப்பினர் எண்ணை வைத்து ஒட்டித் தரும். வரிசைப்படுத்தித்தான் கொடுக்க வேண்டும். எண் வரிசையில் சார்ட் செய்து கொடுத்தேன், வரிசை சரியில்லை என்றது. 1, 2, 3 என்பது நம் வரிசை. ஜாயினுக்கு 1, 10, 100, 101 என்று அகராதி வரிசைதான் வரிசை. அப்படியே கொடுத்தேன். ஒட்டியது. வந்தது 87 வரி.

மீதி எத்தனை என்று கழித்தேன். 99. அந்த எண்ணைப் பார்த்ததுமே பொறி தட்டியது. மெஷின் 001, 002 என்று மூன்று இலக்கமாக எழுதுகிறது, ப்ரோக்ராம் 1, 2 என்று எழுதுகிறது. 100க்கு மேல் இருந்தவர்கள்தான் ஜோடி சேர்ந்திருக்கிறார்கள்.

ஜூன் 13

இனி ஆக் என்ற குட்டி நிரல்மொழியைத் தவிர வேறு எதையும் தொடுவதில்லை. 1977இல் பெல் லேப் என்ற அமெரிக்க ஆய்வுக்கூடத்தில் மூன்று பேர் எழுதியது, பெயரே அந்த மூவரின் இன்ஷியல்தான். என்னைவிட வயதில் மூத்தது, ஆனால் பத்தி பத்தியாக இருக்கும் எண்ணைக் கையாள இதைவிடத் தோதான ஆள் எனக்கு அமையவில்லை.

வழி எளிது. முதல் ஃபைலைப் படித்து, உறுப்பினர் எண்ணைச் சாவியாகவும் லிட்டரை மதிப்பாகவும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது ஃபைலில் ஒவ்வொரு வரிக்கும் அந்தச் சாவியை எடுத்துப் பார்த்துக் கழிக்க வேண்டும். சார்ட் வேண்டாம். சாவியோடு பூஜ்யத்தைக் கூட்டிவிட்டால் 007, 7 ஆகிவிடும். 12.50உம் 12.5உம் தானாகவே ஒன்றுதான்.

ஓட்டினேன். ஓடியது. ஆனால் திரையில் வந்தது கோமாளித்தனம். உறுப்பினர் எண், மெஷின் லிட்டர், கணக்கு லிட்டர், வித்தியாசம் என்று நான்கு பத்தி கேட்டிருந்தேன். உறுப்பினர் எண் இருக்க வேண்டிய இடத்தில் வித்தியாசம் வந்து உட்கார்ந்திருந்தது, நான்காவது பத்தியைக் காணோம். அரை மணி நேரம் ஸ்கிரிப்ட்டையே முறைத்தேன். பிறகுதான் கேட் கட்டளையை "ஏ" கொடியோடு ஓட்டி ஃபைலின் உள்ளே பார்த்தேன். மெஷின் ஃபைலில் ஒவ்வொரு வரியும் $ என்று முடிந்தது. ப்ரோக்ராம் ஃபைலில் ^எம்$ என்று முடிந்தது. விண்டோஸ் வரி முடிவில் சேர்த்துவிடும் கண்ணுக்குத் தெரியாத எழுத்து அது. பழைய டைப்ரைட்டரில் ஒரு வரி முடிந்ததும் வண்டியை வலதுபக்கம் தள்ளுவோமே, அதே வேலையை அது திரையில் செய்கிறது. கணக்கு லிட்டரை அச்சடித்து முடித்ததும் வரி ஆரம்பத்துக்குத் திரும்பி, அடுத்ததை அதன் மேலேயே அடித்துவிட்டது. டிஆர் கட்டளை போட்டு அத்தனையையும் துடைத்தேன்.

மணி பதினொன்று. சந்தேகத்துக்கு மெஷின் ஃபைலைப் பென்டிரைவில் இருந்து மறுபடி காப்பி செய்து கடைசியாக ஒரு முறை ஓட்டினேன். ஒரு வரிகூட வரவில்லை. வித்தியாசமே இல்லை! குஷியில் செயலாளருக்கு அந்நேரத்துக்கே போன் போட்டு, "எல்லாம் சரியா இருக்குதுங், அந்த ஆத்தா சீட்டுலதான் ஏதோ" என்று சொல்லிவிட்டேன்.

படுத்த பிறகு உறைத்தது. சீட்டை நானே கூட்டினேனே, 84 வந்ததே.

எழுந்து பார்த்தால் மெஷின் ஃபைல் 0 பைட். காப்பி முடியும் முன்பே பென்டிரைவைப் பிடுங்கியிருக்கிறேன். இதுவரை படித்த மொத்த வரியும் இந்த ஃபைலில் படித்த வரியும் சமம் என்றால் இது முதல் ஃபைல் என்பதுதான் நான் எழுதிய நிபந்தனை. முதல் ஃபைல் காலியாக இருந்தால் இரண்டாவது ஃபைல் முழுவதற்கும் அந்த நிபந்தனை பொருந்தும். ஆக், இரண்டாவதையே முதலாவது என்று நம்பி நினைவில் ஏற்றிக்கொண்டு, ஒப்பிட ஒன்றுமில்லாமல் அமைதியாக முடித்துக்கொண்டது. பிழை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஃபைலில் ஏதாவது இருக்கிறதா என்று முதலில் பார்க்கும்படி ஸ்கிரிப்ட்டின் தலையில் ஒரு வரி சேர்த்த பிறகுதான் தூங்கினேன்.

ஜூன் 14

காலையில் செயலாளரிடம் தப்பை ஒப்புக்கொண்டேன். "அந்நேரத்துக்கு எழுப்பி விட்டதும் இல்லாம" என்றார், அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. பகல் முழுக்க கரண்ட் இல்லை.

ஜூன் 15

சுத்தமான கணக்கு: 186 பேரில் 177 பேருக்கு வித்தியாசம். ஒருவருக்கு மட்டும் கூடுதல், மற்ற எல்லோருக்கும் குறைவு. நிறைய ஊற்றுபவருக்கு நிறைய, கொஞ்சம் ஊற்றுபவருக்குக் கொஞ்சம். சரி, ஒன்றை ஒன்றால் வகுத்துப் பார்ப்போம் என்று கணக்கு லிட்டரை மெஷின் லிட்டரால் வகுத்து ஐந்தாவது பத்தி போட்டேன். ஆத்தாவுக்கு 0.984. அடுத்தவருக்கு 0.979. இன்னொருவருக்கு 0.996. ஒழுங்கு எதுவும் பிடிபடவில்லை.

சாயங்காலம் செயலாளர் திரையை எட்டிப் பார்த்தார். "அந்த ஒம்பது பேர் ஆருங் தம்பி?"

வித்தியாசம் இருப்பவர்களையே மூன்று நாளாகத் துருவிக்கொண்டிருந்தேன். சரியாக இருந்தவர்களை ஒருமுறைகூடத் திறந்து பார்க்கவில்லை. நிபந்தனையைத் திருப்பிப் போட்டு ஒன்பது எண்ணையும் எடுத்துக் கொடுத்தேன். லெட்ஜரைப் பார்க்காமலே சொன்னார்: "இவுங்களுக்கு மாடு வத்திருச்சுங். இவரு நாலாந்தேதியோட நிறுத்திட்டாரு. இந்தம்மா மகளூருக்குப் போயிருச்சு, ரெண்டாந்தேதியே." ஒன்பது பேரும் மாத ஆரம்பத்தில் ஊற்றி, பிறகு ஊற்றாதவர்கள்.

அப்படியானால் கசிவு ஏதோ ஒரு நாளில் தொடங்கியிருக்கிறது. பத்து நாளையும் கூட்டி வைத்துக்கொண்டு தேடியதால் நல்ல நாளும் கெட்ட நாளும் கலந்து வகுத்தல் குழம்பியிருக்கிறது. இதை ஆக் சொல்லியிருக்காது.

ஜூன் 16

ஞாயிற்றுக்கிழமை என்று மாடு லீவு விடுவதில்லை, நானும் விடவில்லை. வேளைவாரி ஃபைல்களை எடுத்தேன். இப்போது உறுப்பினர் எண் மட்டும் சாவியாக இருக்க முடியாது, ஒருவருக்கு இருபது வரி உண்டு, கடைசி வரி முந்தினதை எல்லாம் அழித்துவிடும். எண், தேதி, வேளை மூன்றையும் சேர்த்து ஒரே சாவியாக்கினேன். வகுத்த பத்தியை மூன்று தசமத்துக்கு அச்சடிக்கச் சொன்னேன்.

5ஆம் தேதி காலை வரை எல்லா வரியிலும் 1.000. 5ஆம் தேதி மாலையில் இருந்து 0.971, 0.971, 0.971. திரை உருள உருள ஏறக்குறைய அதே எண்.

1ஐ 0.971ஆல் வகுத்தால் 1.03. பால் சொசைட்டியில் அந்த எண்ணைத் தெரியாதவர் கிடையாது. ஒரு லிட்டர் பால் ஏறக்குறைய 1.03 கிலோ. கிலோவை லிட்டராக்க 1.03ஆல் வகுப்போம். 5ஆம் தேதி மதியம் கணக்கு ப்ரோக்ராமுக்குப் புது வெர்ஷன் போட்டார்கள். செட்டிங்கில் போய்ப் பார்த்தால் மெஷின் அலகு என்ற இடத்தில் கிலோ என்று இருந்தது.

அத்தோடு முடிந்தது என்று குதிக்க முடியாது. மெஷின் நிஜமாகவே கிலோ காட்டினால் புது வெர்ஷன்தான் சரி, இத்தனை காலம் நாங்கள் கூடுதலாகக் கொடுத்திருக்கிறோம் என்று ஆகும். இரண்டு ஃபைலை எத்தனை முறை ஒப்பிட்டாலும் எது நிஜம் என்று ஃபைல் சொல்லாது. செயலாளரே போய் முத்திரை போட்ட பத்து கிலோ படிக்கல்லை எடுத்து வந்து தட்டில் வைத்தார். சிவப்பு எழுத்து கொஞ்சம் ஆடி நின்றது.

9.71.

மெஷின் ஏற்கனவே வகுத்து லிட்டராகத்தான் காட்டுகிறது. ப்ரோக்ராம் அதை இன்னொரு தடவை வகுத்திருக்கிறது. செயலாளர் கல்லை எடுத்து, திரும்ப வைத்து, மறுபடி 9.71 வரும்வரை பார்த்துவிட்டு பீடி பற்ற வைக்க வெளியே போனார்.

ஜூன் 18

5 மாலை முதல் 10 மாலை வரை 11 வேளை. மெஷின் கணக்கில் 11,682 லிட்டர், பட்டியலில் 11,342. 340 லிட்டர். லிட்டர் 35 ரூபாய் என்று வைத்தாலும் 11,900 ரூபாய். அனுப்பிய பாலுக்கும் எழுதிய பாலுக்கும் இத்தனை லிட்டர் இடித்திருக்குமே, யாரும் பார்க்கவில்லையா என்று கேட்டேன். குறைந்தால் பார்ப்போம், கூடினால் யார் பார்க்கிறார்கள் என்றார் செயலாளர்.

ஒரு சோதனை பாக்கி இருந்தது. 1.03 மட்டும்தான் காரணம் என்றால், பட்டியல் எண்ணை 1.03ஆல் பெருக்கினால் மெஷின் எண் அப்படியே வர வேண்டும். "சமமா" என்று கேட்டால் ஏறக்குறைய எதுவும் சமமில்லை. 4.20ஐ வகுத்து இரண்டு தசமத்துக்குச் சுருக்கினால் 4.08, திரும்பப் பெருக்கினால் 4.2024. கம்ப்யூட்டருக்கு 0.1உம் 0.2உம் கூட்டினால்கூடச் சரியாக 0.3 வராது. அதனால் 0.006க்குள் இருந்தால் விடு என்று எழுதினேன். ஆக்கில் எண்ணின் கழித்தல் குறியை நீக்கும் ஃபங்ஷன் கிடையாது, வித்தியாசம் கழித்தலில் வந்தால் நாமே திருப்பிக்கொள்ள வேண்டும்.

1,902 வரியில் 3 மட்டும் தங்கியது. மூன்றும் 8ஆம் தேதி மாலை. அன்றைக்கு ஃபைலின் கடைசி வரிகள் படிக்காமல் போய், சீட்டு நகலைப் பார்த்து ஒருவர் தட்டினார். அந்த ஒருவர் நான். ஒன்று சரியாகத் தட்டியது, ப்ரோக்ராம் அதை வகுக்கவில்லை, அவ்வளவுதான். இன்னொன்று 6.4ஐ 4.6 என்று தட்டியது. மூன்றாவது 2.9ஐ 9.2 என்று. அந்தக் கூடுதல் ஒருவர் அவர்தான், பத்து நாளாக இந்தப் பக்கம் வாயே திறக்கவில்லை.

அலகை லிட்டர் என்று மாற்றியாகிவிட்டது. பாக்கி எல்லோருக்கும் அடுத்த பட்டுவாடாவில் சேரும். ஆத்தாவுக்கு மட்டும் 46 ரூபாயைச் செயலாளர் தன் பையில் இருந்தே எடுத்துக் கொடுத்தார். வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, "சீட்டு?" என்றார். கொடுத்தேன். அங்கேயே திண்ணையில் உட்கார்ந்து எண்ணினார்.

"பத்தொம்பதுதான் இருக்குது."

லேப்டாப் பைக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருக்கிறேன்.