அம்மாவின் ஈசிஜியும் நான் கறுப்பாக்கிய பழைய தாளும்

போன மார்கழியில் ஒரு நாள், தேயிலைத் தோட்டத்தில் காலைப் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்கு, போன அம்மா பத்து மணிக்கே கூடையோடு மலையிலிருந்து இறங்கி வந்துவிட்டார். "நெஞ்சைப் பிசையுது தம்பி" என்றார். லயத்தில் ஆளுக்கொரு வைத்தியம். ஒருவர் கேஸ் என்றார், இன்னொருவர் இஞ்சித் தண்ணி கொடுக்கச் சொன்னார். நான் திரீவீலரைக் கூப்பிட்டேன்.

ஆஸ்பத்திரியில் ஈசிஜிக்குப் படுக்கச் சொன்னதும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "கரண்டு விடுவாங்களா?" விடமாட்டார்கள். மெஷின் உடம்புக்குள் எதையும் அனுப்புவதில்லை. இதயம் தானாக உண்டாக்கும் மின்சாரத்தைத் தோலுக்கு மேலிருந்து அளக்கிறது, அவ்வளவுதான். டோர்ச் பெட்டரியில் 1500 மில்லிவோல்ட் இருக்கும். இது ஒன்றிரண்டு மில்லிவோல்ட்.

அவ்வளவு சின்னச் சங்கதி என்பதால் எளிதில் கெட்டும் போகிறது. பனியில் நனைந்து வந்த அம்மாவுக்கு நடுக்கம் நிற்கவில்லை. தசை நடுங்கினாலும் மின்சாரம்தானே, முதல் தாள் முழுக்கப் புல் முளைத்தமாதிரி வந்தது. கம்பளி போர்த்தி, கொஞ்ச நேரம் விட்டு மறுபடி எடுத்தார்கள். அதில் முதல் கோடு தலைகீழ். டொக்டர் ஒரு பார்வையில் சொல்லிவிட்டார்: சிவப்பு வயர் வலக்கையில், மஞ்சள் இடக்கையில் இருக்கவேண்டும், மாறிவிட்டது. மூன்றாவது தாள்தான் உருப்படி.

கைகால்களில் நாலு, நெஞ்சில் ஆறு, மொத்தம் பத்து வயர். ஆனால் தாளில் பன்னிரண்டு படம். இது எப்படி என்று கேட்டேன். இளம் டொக்டர், பாதி சிங்களம் பாதி தமிழ், சளைக்காமல் பேனாவால் காட்டினார். எனக்குப் புரிந்த விதத்தில் சொன்னால், ஒரே ஃபேக்டரியை மேல்மலையிலிருந்தும் ஆற்றோரத்திலிருந்தும் ரோட்டிலிருந்தும் பார்ப்பதுபோல. வயர்களை வெவ்வேறு விதமாகச் சேர்த்துப் பன்னிரண்டு பக்கத்திலிருந்து ஒரே இதயத்தைப் பார்க்கிறார்கள். எந்தப் பக்கத்துப் படத்தில் கோளாறோ, இதயத்தின் அந்தப் பக்கத்தைச் சந்தேகிக்கலாம்.

தாளில் சின்னக் கட்டம் 0.04 செக்கன், பெரிய கட்டம் 0.2 செக்கன். இரண்டு உயரமான முனைகளுக்கு இடையில் எத்தனை பெரிய கட்டம் என்று எண்ணி, அந்த எண்ணால் 300ஐ வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை துடிப்பு என்று வரும். அம்மாவுக்கு நாலு கட்டம், 75. முதலில் வரும் சின்ன மேடு 'பி', மேலறைகள் சுருங்கத் தொடங்குவது. பிறகு ஊசிபோல ஏறி இறங்குவது 'க்யூஆர்எஸ்', கீழறைகள். கடைசி மேடு 'டி', கீழறைகள் அடுத்த துடிப்புக்குத் தயாராவது. இந்த எழுத்துக்களை வைத்தவர் ஐந்தோவன் என்ற டச்சுக்காரர், 1924இல் நோபல் பரிசு வாங்கியவர். அவருடைய காலத்தில் கையையும் காலையும் உப்புத்தண்ணி வாளியில் வைக்கவேண்டுமாம். அம்மாவிடம் சொல்லவில்லை.

சிக்கல் அந்த ஊசியில்தான் இருந்தது. மூன்று சின்னக் கட்டத்துக்குள் முடியவேண்டியது அகலமாக இருந்தது. நெஞ்சின் முதல் படத்தில் முயல் காதுபோல இரண்டு முனை. கீழறைகளுக்கு மின்சாரம் இரண்டு கிளையாகப் போகும், வலக்கிளை அடைபட்டால் இப்படி வரும் என்றார் டொக்டர். சிலருக்கு வருஷக்கணக்காக இருந்தும் ஒன்றும் செய்யாது. ஆனால் நெஞ்சுவலியோடு புதிதாக வந்திருந்தால் சும்மா விடமுடியாது. "பழைய ஈசிஜி இருக்கா?"

இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் எடுத்ததை, பத்திரமாக இருக்கட்டும் என்று ஹட்டனில் லெமினேட் செய்து வைத்திருந்தேன். அது சூடு பட்டால் கறுக்கும் தாள். கடையிலிருந்து வெளியே வந்தபோதே கரிச்சட்டி மாதிரி ஆகிவிட்டது. அந்தக் கறுப்பைத்தான் டொக்டரிடம் நீட்டினேன். அவர் சிரிக்கவில்லை, அது எனக்கு இன்னும் கூச்சம்.

நல்லவேளை, கிளினிக் கொப்பியைப் புரட்டியபோது அதே மாதத்துப் பக்கத்தில் யாரோ ஒரு டொக்டர் 'ஆர்பிபிபி' என்று கிறுக்கியிருந்தார். அதாவது இதே வலக்கிளை அடைப்பு, பழசு. டொக்டரின் முகம் இளகியது. ஆனாலும் அனுப்பவில்லை. ஒரு ஈசிஜி சரியாக இருப்பதாலேயே மாரடைப்பு இல்லை என்று சொல்லமுடியாதாம். சில மணி நேரம் விட்டு இன்னொன்று எடுத்து, இதயத் தசை அடிபட்டிருக்கிறதா என்று காட்டும் ட்ரொபொனின் இரத்தப் பரிசோதனையும் செய்தார்கள். இரண்டிலும் பயப்பட ஒன்றுமில்லை. மறுநாள் வீடு.

வரும் வழியில் புது ஈசிஜியை இரண்டு ஃபோட்டோகொப்பி எடுத்து, ஒன்றைக் கிளினிக் கொப்பிக்குள் ஒட்டினேன். அசலை உறையில் போட்டு அலுமாரியில் வைத்தாயிற்று. அம்மா கறுத்த தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "லெமினேட் காரன்கிட்ட காசத் திருப்பிக் கேட்டியா?" என்றார்.