ஏற்றிய ரத்தம் எங்கே போனது?

குடலிறக்கம் சிக்கிக்கொண்டதால் அப்பாவுக்கு அவசர அறுவை. ஹீமோகுளோபின் 6.8 என்றதும், இரண்டு யூனிட் ரத்தத்துக்கு ஏற்பாடு செய்யச் சொன்னார்கள். மாதிரிக் குழாயோடு ரத்த வங்கிக்கு ஓடினேன். திருப்பி அனுப்பிவிட்டார்கள். படிவத்தில் இனிஷியல் இருந்தது, குழாயில் ஒட்டிய சீட்டில் இல்லை. மறுபடி வார்டு, மறுபடி ஊசி, மறுபடி வரிசை. அங்கிருந்த பணியாளரைத் திட்டித் தீர்த்தேன். ஆள் மாறி ரத்தம் ஏறினால் உயிரே போகலாம். அவர் செய்தது சரி. நான் கேட்டிருக்க வேண்டியது வார்டில்.

அறுவை நல்லபடியாக முடிந்தது. ரத்தம் ஏற்றியபின் 8.7. டிஸ்சார்ஜ் சீட்டில் "ரத்தசோகை சரிசெய்யப்பட்டது" என்று ஒரு வரி. அதை நம்பினோம் பாருங்கள்!

மூன்றே மாதத்தில் அப்பாவுக்கு மாடிப்படி ஏற மூச்சு வாங்கியது. சோதித்தால் 7.1.

வேறொரு மருத்துவமனைக்குப் போனோம். அங்கிருந்த இளம் மருத்துவர் பழைய அறிக்கையைப் புரட்டி, எம்.சி.வி. (சிவப்பணுக்களின் சராசரி அளவு) 66 என்ற இடத்தில் பேனாவை வைத்தார். 80க்குக் கீழே போனால் சிவப்பணுக்கள் சிறுத்திருக்கின்றன என்று பொருள். முதலில் இரும்புச்சத்தைத்தான் சந்தேகிக்க வேண்டுமாம். அறுவைக்கு முன்பே அச்சாகியிருந்த எண் அது! பிறகு கேட்டார்: "ஐயா, மூட்டுவலிக்கு மாத்திரை போடுகிறீர்களா?" அம்மா கைப்பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து நீட்டினார். சீட்டில்லாமல் கடையில் வாங்கியது, இரண்டு வருடமாக. "மலம் கறுப்பாகப் போகிறதா?" அப்பா தலையைக் குனிந்துகொண்டார். இதை எப்படிப் பிள்ளைகளிடம் சொல்வது என்று இருந்துவிட்டாராம்.

உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் வெறும் 6. எண்டோஸ்கோப்பியில் இரைப்பைப் புண். ஏற்றிய ரத்தம் அந்த வழியாகத்தான் போயிருக்கிறது. வலி மாத்திரை நின்றது, புண்ணுக்கு மருந்து, நரம்பு வழியாக இரும்புச்சத்து.

உங்கள் வீட்டில் யாருக்காவது ரத்தம் ஏற்றச் சொன்னால், ஏற்றுவதற்கு முன்பே ஃபெரிட்டின், வைட்டமின் பி12 பரிசோதனைகளுக்கு மாதிரி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். ஏற்றியபின் எடுத்தால் கணக்கு குழம்பலாம். அவசரம் என்றால் அதற்காக ரத்தத்தைத் தள்ளிப்போட வேண்டாம், ஊசி குத்தும்போதே ஒரு குழாய் கூடுதலாக எடுத்தால் போதும். இரும்பு மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுக்கும், அதற்குப் பயம் வேண்டாம். இரும்பு மாத்திரை சாப்பிடாமலே கறுத்தால் அன்றே மருத்துவரிடம் ஓடுங்கள்.

போன வாரம் ஹீமோகுளோபின் 12.4. ஆண்களுக்கு 13 வேண்டும், இன்னும் கொஞ்சம்தான். ரத்தம் எடுக்கும்போது குழாயை வாங்கி இனிஷியலைப் பார்த்தேன். அந்தப் பெண் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.