சனிக்கிழமை லிஸ்ட்

14 செப்டம்பர் 2024, சனி

அடுத்த வார டூட்டி லிஸ்ட்டை மாலை நாலரைக்கு ஒட்டினேன். ஐந்து மணிக்குள் மூன்று பேர் வந்து நின்றார்கள். ஒருத்திக்குப் புதன்கிழமை பிள்ளையின் பள்ளியில் மீட்டிங். ஒருத்திக்கு வெள்ளிக்கிழமை மாமியாரைக் கண் டாக்டரிடம் கூட்டிப் போக வேண்டும். மூன்றாமவள் ஒன்றும் சொல்லாமல், "திரும்பவும் நைட்டா சிஸ்டர்?" என்று மட்டும் கேட்டாள். ஹாஸ்டலில் இருப்பவள், கல்யாணம் ஆகாதவள். இந்த இரண்டும் சேர்ந்தால் எந்த மருத்துவமனையிலும் நைட் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு: புதுச்சேரியில் ஒரு தனியார் மருத்துவமனை. முப்பது படுக்கை கொண்ட மெடிக்கல் வார்டுக்கு நான் இன்சார்ஜ். காலை 7 முதல் 1, மதியம் 1 முதல் 7, நைட் 7 முதல் மறுநாள் 7. லிஸ்ட் சனிக்கிழமை வரும், திங்கட்கிழமை அமலுக்கு வரும். நடுவில் ஒரு ஞாயிறு.

சூப்பரின்டென்டென்ட் மேடம் இன்று கூப்பிட்டுச் சொன்னார். அக்டோபர் முழுக்க ஆளுக்கு ஒரே ஷிப்ட், மாற்றமே கிடையாது. நவம்பரில் அவரவர் விரும்பும் டூட்டியை அவரவரே எழுதிக்கொள்ளலாம். இரண்டையும் பார்த்துவிட்டு எது என்று முடிவு செய்யலாமாம்.

17 செப்டம்பர், செவ்வாய்

ஷிப்ட் மாறும்போது நோயாளிகளின் விவரம் கேட்டு ஓவர் எடுக்கும் நேரத்தில்கூட இன்று உச்ச நீதிமன்றம் பற்றித்தான் பேச்சு. கொல்கத்தாவில் மருத்துவமனையில் இரவுப்பணியில் இருந்த பெண் டாக்டர் கொல்லப்பட்ட சம்பவத்துக்குப் பிறகு, பெண்களுக்கு இரவுப்பணியை முடிந்தவரை தவிர்க்கலாம் என்று மேற்கு வங்க அரசு சொல்லியிருந்தது. பாதுகாப்பு தருவது அரசின் வேலை, பெண்கள் இரவில் வேலை செய்யக்கூடாது என்று சொல்ல முடியாது என்று நீதிமன்றம் கண்டித்துவிட்டது.

எங்கள் வார்டில் பதினான்கு பேரும் பெண்கள். இரவில் பெண்கள் வேண்டாம் என்றால் முப்பது நோயாளிக்கும் மருந்து கொடுக்கப் போவது யார்? செக்யூரிட்டி அண்ணனா?

22 செப்டம்பர், ஞாயிறு

வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். காலைக்கு 5 பேர், மதியம் 4 பேர், நைட்டுக்கு 3 பேர். மணிக்கணக்கில் 30, 24, 36. ஒரு நாளைக்கு 90, வாரத்துக்கு 630. ஒருவர் வாரம் 48 மணி நேரம் என்றால் 13 பேருக்குக் கொஞ்சம் மேல். அதாவது யாருக்கும் காய்ச்சல் வராமல், யாரும் பிள்ளை பெறாமல், யார் வீட்டிலும் சாவு விழாமல் இருந்தால் 13. விடுப்புக்கென்று 30 சதவீதம் கூடுதலாக ஆள் வேண்டும் என்று இந்திய செவிலியர் கவுன்சில் சொல்கிறது. அதையும் சேர்த்தால் 17. இருப்பது 14.

இந்த 17கூட நாங்கள் ஓட்டும் விகிதத்துக்குத்தான். கவுன்சில் கணக்கில் கற்பிக்கும் மருத்துவமனை என்றால் பொது வார்டில் மூன்று நோயாளிக்கு ஒருவர், மற்ற மருத்துவமனைகளில் ஐந்துக்கு ஒருவர். எங்கள் நைட்டில் பத்துக்கு ஒருவர். கலிஃபோர்னியாவில் இதற்கென்றே 1999-ல் சட்டம் போட்டு 2004 முதல் நடைமுறைப்படுத்தினார்கள். அந்த விகிதம் நைட்டுக்கும் உண்டு, ஒருவர் சாப்பிடப் போகும் அரை மணி நேரத்துக்கும் உண்டு. படிக்கும்போது பெருமூச்சு வந்தது, வேறென்ன.

1 அக்டோபர், செவ்வாய்

நிரந்தர ஷிப்ட் தொடங்கியது. நைட்டுக்கு யார் என்று கேட்டபோது ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். இரண்டு பேர் தாங்களாகவே கை தூக்கினார்கள். ஒருவர் விழுப்புரத்திலிருந்து பஸ்ஸில் வருபவர். காலை டூட்டி என்றால் ஐந்து மணிக்கே வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். நைட் பன்னிரண்டு மணி நேரம் என்பதால் வாரத்தில் பஸ் ஏறும் நாள் குறைகிறது. இன்னொருவருக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள். "பகல்ல நான் வீட்ல இருந்தா போதும் அக்கா, அவங்கள யார்கிட்டயும் கெஞ்சி விட வேண்டாம்" என்றார்.

9 அக்டோபர், புதன்

பிள்ளைகளுக்காக நைட் கேட்டவரின் கண்ணைப் பார்த்ததும் கேட்டேன், பகலில் எவ்வளவு தூங்குகிறீர்கள் என்று. ஏழு மணிக்கு இங்கிருந்து கிளம்பி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, சமைத்து, பதினொன்றுக்குப் படுத்து, இரண்டரைக்கு அலாரம். அவர் நைட் கேட்டது பிள்ளைகளுக்காக. அதற்கான விலை முழுக்கத் தூக்கத்தில் போகிறது.

இரவுப்பணியைப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவற்றின் பட்டியலில், 2ஏ பிரிவில், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2007-லேயே சேர்த்தது. 2019-ல் மறுபடி ஆராய்ந்தும் அங்கேயே வைத்தது. அதெல்லாம் பல வருடக் கணக்கு, சரி. எனக்கு உடனடிப் பயம் அவருடைய ஸ்கூட்டி. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் தடுமாற்றம், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவருடையதற்குச் சமம் என்று 1997-ல் ஓர் ஆய்வு அளந்து காட்டியது. 24 மணி நேரம் என்றால் 0.10. நம் நாட்டில் வண்டி ஓட்ட அனுமதிக்கும் எல்லை 0.03. முதல் நைட் முடித்துவிட்டு இசிஆர் ரோட்டில் போகிற நர்ஸை எந்த போலீஸும் ஊதச் சொல்லப் போவதில்லை.

11 அக்டோபர், வெள்ளி

ஆயுத பூஜை. சக்‌ஷன் மெஷினுக்கும் பிபி கருவிக்கும் சந்தனம், குங்குமம். பொரி டப்பா நைட் ஆட்களுக்கும் மிஞ்சியது, அதிசயம்.

19 அக்டோபர், சனி

இன்று ஒட்ட லிஸ்ட் இல்லை. ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போனேன்.

நிரந்தர ஷிப்ட்டில் எல்லோருக்கும் பிடித்தது இதுதான் என்று தோன்றுகிறது. மதிய டூட்டியே பிடிக்காத ஒருத்தி சொன்னாள், "பிடிக்கல சிஸ்டர், ஆனா இருபத்தி ஏழாம் தேதி எங்க இருப்பேன்னு எனக்குத் தெரியும்." குறையும் உண்டு. நைட் ஆட்களுக்கு டாக்டர் ரவுண்ட்ஸ் என்பதே மறந்துபோகும். புது கருவிக்கு வகுப்பு எடுத்தால் பகலில்தான் எடுப்பார்கள். காலையில் வருபவர்கள் எல்லாம் கற்றுக்கொண்டு மேலே போக, நைட்டில் இருப்பவர் நைட்டிலேயே இருப்பார்.

31 அக்டோபர், வியாழன்

தீபாவளி. யார் டூட்டி என்பது ஒரு மாதமாகத் தெரிந்திருந்ததால் சண்டை இல்லை, கண்ணீர் இல்லை. பட்டாசில் கை சுட்டு வந்தவர்கள் கேஷுவாலிட்டியோடு திரும்பிவிட்டார்கள்.

5 நவம்பர், செவ்வாய்

இனி அவரவர் எழுதிக்கொள்ளும் முறை. புது யோசனை என்று மேடம் சொன்னார். லண்டன் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையில் 1963-லேயே இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள்.

நோட்டைக் காலையில் மேசையில் வைத்தோம். காலை டூட்டியில் இருந்த ஐந்து பேர் முதலில் எழுதினார்கள். மதியம் வந்தவர்கள் மிச்சத்தில் எழுதினார்கள். இரவு வந்தவர்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் இரவுதான். ஞாயிறு ஆஃப் ஒன்பது மணிக்கே தீர்ந்துவிட்டது.

16 நவம்பர், சனி

எல்லோரும் சொந்த விருப்பத்தில் எழுதியதாகப் பதிவாகியிருக்கிறது. நோட்டைப் புரட்டினால் நைட் கட்டங்களில் அதே ஹாஸ்டல் பெண்கள்: நாகர்கோவில், இடுக்கி, மணிப்பூர். மணிப்பூர் பெண்ணிடம் கேட்டேன். "சீனியர் அக்கா எழுதின இடத்துல நான் எப்படி எழுதறது?" என்றாள். முன்பு நான் நைட் போட்டேன் என்று என்னைத் திட்டவாவது செய்தாள். இப்போது திட்டவும் ஆள் இல்லை.

இன்னொன்றும் கவனித்தேன். தாங்களே எழுதும்போது நைட், ஒரு ஆஃப், உடனே காலை என்று நெருக்கிப் போட்டுக்கொள்கிறார்கள், கடைசியில் சேர்ந்தாற்போல லீவு கிடைக்கும் என்று. உடம்புக்கு அது தலைகீழ். நம் உள்கடிகாரம் 24 மணியைவிடச் சற்று நீளம் என்பதால் காலை, மதியம், இரவு என்று முன்னோக்கிப் போனால் ஓரளவு தாங்கும். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஒரு பொட்டாஷ் ஆலையில் வாராவாரம் பின்னோக்கிச் சுழன்ற ஷிப்ட்டை முன்னோக்கி, மூன்று வாரத்துக்கு ஒருமுறை என்று மாற்றினார்கள். தொழிலாளர்களும் திருப்தியடைந்தார்கள், உற்பத்தியும் கூடியது. அந்த ஆய்வு வெளிவந்தது 1982-ல்.

2 டிசம்பர், திங்கள்

ஃபெஞ்சல் புயல் சனிக்கிழமை இரவு புதுச்சேரி அருகே கரை கடந்தது. 24 மணி நேரத்தில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. சனிக்கிழமை மதியம் வந்தவர்கள் ஞாயிறு இரவுதான் வீடு போனார்கள், சிலர் இன்று காலை. விழுப்புரம் அக்கா வர வழியே இல்லை. இடுப்பளவு தண்ணீரில் நடந்து வந்து சேர்ந்தவர்கள் இரண்டு பேர், இரண்டு பேரும் ஹாஸ்டல். நோட்டில் யார் என்ன எழுதியிருந்தார்கள் என்று யாரும் பார்க்கவில்லை.

தூங்கப் போகிறேன். மிச்சம் அப்புறம்.

14 டிசம்பர், சனி

மேடத்திடம் எழுதிக் கொடுத்தேன். லிஸ்ட் ஆறு வாரம் முன்னதாக வர வேண்டும். நைட் கேட்பவருக்கு நைட் தரலாம், மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்து கூடாது. மற்றவர்களுக்கு முன்னோக்கிச் சுழற்சி, அதில் மாதம் இரண்டு நாள் மட்டும் அவரவர் தேர்வு. அந்த இரண்டு நாளை முதலில் எழுதுவது போன மாதம் அதிக நைட் பார்த்தவர். சீனியாரிட்டி கிடையாது. பிரிட்டனில் இருக்கும் பழைய தோழியிடம் சொன்னேன். அங்கே வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே வசதியான நேரம் கேட்க உரிமை உண்டாம். "கேக்கலாம்டி, குடுக்க ஆள் வேணுமே" என்று சிரித்தாள்.

மேடம் எல்லாவற்றுக்கும் சரி என்றார். கடைசி வரியில் கேட்டிருந்த மூன்று புது ஆட்களுக்கு மட்டும் நிர்வாகம் ஏப்ரலில் பார்க்கலாம் என்றதாம்.

ஜனவரி லிஸ்ட்டை இன்றே ஒட்டிவிட்டேன். பொங்கலுக்கு ஆஃப் கேட்டவர்கள் ஒன்பது பேர், கொடுக்க முடிந்தது நாலு. முதல் தேர்வு மணிப்பூர் பெண்ணுக்கு. அவள் பொங்கலைத் தொடவேயில்லை, இரண்டு சாதாரண ஞாயிற்றுக்கிழமைகளை எடுத்துக்கொண்டாள். சீனியர் ஒருவர் திங்கட்கிழமை என்னோடு பேச வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.