பேக்கப் இருந்தது, தமிழ் இல்லை

தினமும் இரவு இரண்டு மணிக்கு என் வலைத்தளத்தின் சர்வரில் க்ரான் ஓடும்; குறித்த நேரத்தில் தானாக இயங்கும் வேலை அது. டேட்டாபேஸை டம்ப் எடுத்து, அதாவது முழுவதையும் ஒரே கோப்பாக எழுதி, சுருக்கி வைக்கும். காலையில் "முடிந்தது" என்று ஒரு மின்னஞ்சல் வரும். நான்கு வருடமாக அதைத் திறக்காமலேயே அழித்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம் சர்வரின் டிஸ்க் போய்விட்டது. நான்கு வருடப் பேக்கப்பும் அதே டிஸ்க்கில்தான் இருந்தது என்பது அப்போதுதான் உறைத்தது. நல்லவேளையாக, வேறு எதற்காகவோ லேப்டாப்பில் இறக்கிய டம்ப் ஒன்று கிடந்தது. பதினொரு நாள் பழையது. அந்தப் பதினொரு நாளில் நான் எழுதியது ஒரே ஒரு கட்டுரை. என் சோம்பேறித்தனம் எனக்கு உதவிய அபூர்வமான தருணம் அது.

புது சர்வரில் தளத்தை நடத்தும் வேர்ட்பிரஸை நிறுவி, டேட்டாபேஸை பிரவுசரிலேயே கையாள உதவும் பிஎச்பிமைஅட்மின் வழியாக டம்ப்பை ஏற்றப் பார்த்தேன். கோப்பு பெரிது என்று மறுத்துவிட்டது. இவை ஓடுகிற பிஎச்பி மொழியில் நாமாக மாற்றாதவரை அப்லோட் வரம்பு 2 எம்பிதான். சரி என்று எஸ்எஸ்எச் வழியாக சர்வருக்குள்ளேயே நுழைந்து கட்டளை கொடுத்து ஏற்றினேன். ஒரு பிழைச் செய்திகூட வரவில்லை.

தளத்தைத் திறந்தால் தமிழே இல்லை. தலையில் கோடு போட்ட ஆங்கில ஏ, அடுத்து வட்டத்துக்குள் ஆர், அப்புறம் ஏதோ ஒரு குறி. மறுபடியும் ஏ, மறுபடியும் ஆர். ஒன்பது வருட எழுத்து முழுக்க இப்படி. கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பிறகு அந்த வரிசையே துப்புக் கொடுத்தது. எல்லா மொழி எழுத்தையும் பைட்டுகளாக எழுதும் முறைதான் யூடிஎஃப்-8. அதில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட். முதல் பைட் எப்போதும் ஒன்றேதான், இரண்டாவது இரண்டே வகை. அந்த மூன்றையும் தனித்தனி எழுத்தாக, லத்தீன்1 (எழுத்துக்கு ஒரே பைட் என்கிற பழைய ஐரோப்பிய முறை) என்று நினைத்துப் படித்தால் இந்த ஏ-ஆர் ஊர்வலம்தான் வரும். ஆக, எழுத்து அழியவில்லை, தப்பாகப் படிக்கப்படுகிறது.

பழைய தளத்தின் டேபிள்கள் லத்தீன்1. அமைப்புகளை எழுதி வைக்கும் கான்ஃபிக் கோப்பில், எந்த எழுத்துமுறை என்று சொல்லும் கேரக்டர் செட் வரி காலி, அதனால் இணைப்பும் லத்தீன்1. தமிழ் உள்ளே போகும்போது ஒரு தப்பு, வெளியே வரும்போது அதே தப்பு தலைகீழாக. இரண்டும் கழிந்து ஒன்பது வருடம் திரையில் தமிழ் ஒழுங்காகத் தெரிந்திருக்கிறது! புது சர்வரின் கான்ஃபிக் சரியாக இருந்ததுதான் வினை: வெளியே வரும் தப்பு நின்றுபோய், உள்ளே போன தப்பு மட்டும் மிஞ்சியது.

புது டேட்டாபேஸிலிருந்தே இன்னொரு டம்ப் எடுத்தேன், இந்த முறை கேரக்டர் செட் லத்தீன்1 என்று சொல்லி. டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்தால் அழகான தமிழ். கோப்பின் தலையில் இருந்த 'செட் நேம்ஸ்' வரியிலும், ஒவ்வொரு டேபிளின் வரையறையிலும் லத்தீன்1ஐ யூடிஎஃப்8எம்பி4 (யூடிஎஃப்-8இன் முழு வடிவம்) என்று மாற்றி, காலி டேட்டாபேஸில் ஏற்றினேன். முதல் பதிவின் தலைப்பு தமிழில் வந்ததும் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

அதே எடிட்டரில் முகவரியை எச்டிடிபியிலிருந்து எச்டிடிபிஎஸ்ஸுக்கு மாற்றியது அதிகப்பிரசங்கித்தனம். பக்கப்பட்டை விட்ஜெட்டுகள் காணாமல் போயின. வேர்ட்பிரஸ் சில அமைப்புகளை நீளத்தையும் சேர்த்து எழுதி வைக்கிறது; ஓர் எழுத்து கூடினாலும் கணக்கு இடித்துவிடும். அந்த மாற்றத்துக்கு வேர்ட்பிரஸின் கட்டளைக் கருவியான டபிள்யூபி-சிஎல்ஐ இருக்கிறது, அது எண்ணிக்கையையும் திருத்திக்கொள்ளும்.

படங்கள்? அவை டேட்டாபேஸில் இருப்பதில்லை, அப்லோட்ஸ் அடைவில் இருக்கும். இடம் மிச்சம் பிடிக்கிறேன் என்று அந்த அடைவைப் பேக்கப்பிலிருந்து விலக்கியவன் நானேதான். கைப்பேசியில் தேடித்தேடி முக்கால்வாசியை மீட்டேன்.

இப்போது அப்லோட்ஸும் சேர்ந்துதான் பேக்கப் ஆகிறது. ஒரு பிரதி வேறு இடத்தில் இருக்கிற சர்வருக்கு, ஒன்று வீட்டு ஹார்ட் டிஸ்க்குக்கு. மாதத்தின் முதல் ஞாயிறு, லேப்டாப்பில் காலி டேட்டாபேஸ் ஒன்றில் முழுத் தளத்தையும் எழுப்பிப் பார்க்கிறேன். அதற்கென்றே வெளியிடாத பதிவு ஒன்று வைத்திருக்கிறேன்: ழ, ஸ்ரீ, ஒரு சிரிக்கும் எமோஜி, ஒரு படம். எமோஜிக்கு நான்கு பைட் வேண்டும். டேட்டாபேஸ் மென்பொருளான மைஎஸ்க்யூஎல்லின் பழைய யூடிஎஃப்8 மூன்றோடு நின்றுவிடும், தமிழ் தப்பினாலும் எமோஜி மாட்டிக்கொள்ளும். இந்த ஞாயிறு நான்கும் வந்தன, நாற்பது நிமிடம் ஆனது. அதில் பதினைந்து நிமிடம் டேட்டாபேஸ் பாஸ்வேர்டைத் தேடியது.