பின்பக்கக் கேமராவில் தெரிந்த 74

2021 ஆகஸ்டில் எம்.எஸ். படிக்க அமெரிக்கா போன எனக்கு, முதல் மாதமே பல்கலைக்கழக ஃபுட்பால் அணியின் வீடியோ பிரிவில் பகுதிநேர வேலை கிடைத்தது. அமெரிக்கன் ஃபுட்பாலில் ஒரு பக்கத்துக்கு எத்தனை பேர் ஆடுவார்கள் என்பதுகூட அன்றைக்கு எனக்குத் தெரியாது. நூலகத்தில் இடம் இல்லை, உணவுக்கூடத்திலும் இல்லை. கேமரா பிடிக்க ஆள் வேண்டும் என்றார்கள். ஊரில் கல்யாண வீடியோ எடுக்கும் அண்ணன் ஒருவரோடு இரண்டு வருடம் சுற்றியிருந்த தைரியத்தில் சரி என்று சொன்னேன்.

மைதானத்தின் ஒரு கோடியில் கத்தரி போல விரிந்து உயரும் லிஃப்ட் ஒன்று நிற்கும். அதில் ஏறி மேலே நின்றுகொண்டு, பயிற்சியின் ஒவ்வொரு துண்டையும் பின்னாலிருந்து படமெடுக்க வேண்டும். பந்து நகர்வதில் தொடங்கி ஆட்டம் நிற்பது வரை ஒரு துண்டு. காற்று மணிக்கு 28 மைலைத் தாண்டினால் உடனே இறங்கிவிட வேண்டும் என்பது எங்கள் லிஃப்டுக்கான விதி. 2010-ல் வேறொரு பல்கலைக்கழகத்தில் பலத்த காற்றில் இப்படி ஒரு லிஃப்ட் சாய்ந்து, என்னைப் போலவே படமெடுத்துக்கொண்டிருந்த மாணவர் ஒருவர் இறந்துபோனார். முதல் நாள் அதைச் சொல்லிவிட்டுத்தான் எங்களை மேலே ஏற்றினார்கள்.

டிவியில் இந்த ஆட்டத்தைப் பார்ப்பவர்கள் பக்கவாட்டிலிருந்து பார்க்கிறார்கள். கண் பந்தோடு ஓடிவிடும். பின்னாலிருந்து பார்த்தால் வேறு ஆட்டம் தெரியும். முதலில் தெரிவது ஐந்து முதுகுகள். நடுவில் சென்டர், அவருக்கு இரண்டு பக்கமும் கார்டுகள், ஓரங்களில் டாக்கிள்கள். ஒவ்வொருவரும் 130, 140 கிலோ. பந்தை எறிவதோ பிடிப்பதோ அவர்கள் வேலை இல்லை. பந்தை எறிபவர் குவார்ட்டர்பேக். அவர் எறிந்து முடிக்கும் அந்த இரண்டரை, மூன்று வினாடிக்கு எதிரணி அவரை நெருங்காமல் மறித்து நிற்பதுதான் வேலை. அதிலும் கையால் இழுத்துப் பிடிக்கக் கூடாது. கபடியில் பிடித்தால் புள்ளி. இங்கே பிடித்தால் அதற்குப் பெயர் ஹோல்டிங், அணி 10 கெஜம் பின்னால் போக வேண்டும்.

குவார்ட்டர்பேக் வலக்கைக்காரர் என்றால், எறியத் திரும்பும்போது இடது பக்கம் அவருக்கு முதுகுப் பக்கமாகிவிடும். அங்கிருந்து வருபவனை அவரால் பார்க்க முடியாது. அந்தப் பக்கத்தைக் காப்பவன் லெஃப்ட் டாக்கிள். எங்கள் அணியின் லெஃப்ட் டாக்கிள் பத்தொன்பது வயதுப் பையன். வீடியோ அறையில் யாரையும் பெயர் சொல்லிப் பேசுவதில்லை, சட்டை எண்தான். அவன் 74.

அந்த வருடம் 74 பட்ட பாட்டை நான் முழுவதும் பார்த்தேன். முதல் ஆட்டத்தில் வேகமான ஒருவன் அவனை வெளிப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு போய் குவார்ட்டர்பேக்கைக் கீழே தள்ளினான். அடுத்த வாரம் முழுக்க 74 வெளிப்பக்கத்தைக் காப்பதிலேயே குறியாக இருந்தான். பந்து நகர்ந்ததும் தேவைக்கு மேல் வெளியே போய் நின்றுகொண்டான். அடுத்த எதிராளி சும்மா வெளியே போவது போல இரண்டு எட்டு வைத்துவிட்டு உள்பக்கமாகப் பாய்ந்துவிட்டான். உள்ளே பாய்பவனை மறிக்க ஒரே வழி அவன் சட்டையை எட்டிப் பிடிப்பது, உடனே ஹோல்டிங். நான்காவது ஆட்டம் வெளியூரில் நடந்தது. கூட்டத்தின் இரைச்சலில் குவார்ட்டர்பேக்கின் குரல் கேட்காது, ஓரக்கண்ணால் பந்தைப் பார்த்துத்தான் கிளம்ப வேண்டும். தாமதமாகிவிடுமோ என்ற பயத்தில் பந்து நகரும் முன்பே துள்ளினான். அதற்கு 5 கெஜம். ஒரு தவறைச் சரிசெய்யப் போய் அடுத்ததைச் செய்தான். ஒவ்வொரு ஆட்டத்திலும் மற்ற எல்லாத் துண்டுகளிலும் அவன் தன் ஆளைச் சரியாகவே மறித்திருந்தான். யாருக்கும் அது நினைவில் இல்லை. சொந்த மைதானத்திலேயே அவன் எண்ணைச் சொல்லிக் கூச்சலிட்டார்கள்.

சனிக்கிழமை ஆட்டம், ஞாயிற்றுக்கிழமை வீடியோ. ஒவ்வொரு துண்டுக்கும் குறிப்பு எழுதி, யார் சறுக்கினார்கள் என்று எண்ணோடு பதிவு செய்வது எங்கள் வேலை. கோச் பிறகு தன் கணக்கில், சரியாக மறித்ததற்குக் கூட்டல் குறி, சறுக்கியதற்குக் கழித்தல் குறி போடுவார். ஆனால் எங்கள் குறிப்பிலிருந்து தானாக ஒரு பட்டியல் தயாராகி மேலே போய்விடும். குவார்ட்டர்பேக்கை எறியும் முன்பே வீழ்த்துவதற்குப் பெயர் சாக். நான்காவது ஆட்டத்தில் விழுந்த ஒரு சாக்கை நான் 74-ன் பேரில் எழுதினேன். பக்கவாட்டுக் கேமராவில் அவன் தன் ஆளை விட்டுவிட்டது பளிச்சென்று தெரிந்தது, அதனால் எழுதினேன்.

செவ்வாய்க்கிழமை மாலை 74 எங்கள் அறைக்கு வந்தான். வாசலை முழுக்க அடைத்துக்கொண்டு நின்றான். அந்தத் துண்டைப் பின்பக்கக் கேமராவில் ஒருமுறை பார்க்க முடியுமா என்று மெதுவாகக் கேட்டான். போட்டேன். எதிரணியின் ஓரத்து ஆள் உள்ளே பாய்கிறான், உள்ளே நின்ற ஆள் சுற்றிக்கொண்டு வெளியே வருகிறான். இருவரும் இடம் மாறுகிறார்கள். இதைத் தடுக்க 74-ம் பக்கத்திலிருக்கும் கார்டும் ஆளை மாற்றிக்கொள்ள வேண்டும். உள்ளே வருபவன் கார்டுக்கு, வெளியே வருபவன் 74-க்கு. 74 தன் ஆளைச் சரியாகத்தான் விட்டிருக்கிறான். கார்டுதான் பழைய ஆளைத் துரத்திக்கொண்டு வெளியே வந்துவிட்டான். ஒருவன் மேல் இரண்டு பேர், இன்னொருவன் மேல் யாருமே இல்லை.

எனக்கு நெஞ்சு கனத்துவிட்டது. நான் இரண்டு நிமிடத்தில் தட்டிய குறிப்பு, அவன் மேல் மூன்று நாளாக உட்கார்ந்திருந்தது. மன்னிப்புக் கேட்டு, மாற்றி எழுதுகிறேன், கார்டின் எண்ணைப் போடுகிறேன் என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினான். மாற்றிக்கொள்ளும்போது குரல் கொடுக்க வேண்டியது தன் பொறுப்பு, தான் வாயைத் திறக்கவில்லை, இரண்டு பேர் கணக்கிலும் போடு என்றான். அப்படியே போட்டேன். அன்றிலிருந்து எந்தத் துண்டையும் பின்பக்கக் கேமராவில் பார்க்காமல் நான் யார் எண்ணையும் எழுதியதில்லை.

எங்கள் வீடியோ பிரிவின் தலைவர் டென்வர் ஊர்க்காரர். 74-ஐப் பற்றி யாராவது அலுத்துக்கொண்டால் அவர் உடனே காரெட் போல்ஸ் கதையை எடுப்பார். தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களை முறைவைத்து எடுக்கும் தேர்வில், 2017-ல் டென்வர் பிராங்கோஸ் அணி முதல் சுற்றில் 20-வது ஆளாக எடுத்த லெஃப்ட் டாக்கிள். ஹோல்டிங் என்றாலே அவர் பெயர் என்று ஆகிவிட்டது. 2019 செப்டம்பரில் சிகாகோவுடன் நடந்த ஆட்டத்தில் மட்டும் அவர் மேல் நான்கு ஹோல்டிங். சொந்த ரசிகர்களே கூச்சலிட்டார்கள். 2020 மே மாதம், ஒப்பந்தத்தை ஐந்தாவது வருடத்துக்கு நீட்டிக்கும் உரிமையை அணி கைவிட்டது. அதாவது, இந்த ஒரு வருடம் ஆடு, அப்புறம் உன் வழி உனக்கு. அந்த வருடம்தான் போல்ஸ் எழுந்தார். நவம்பர் கடைசியில் அதே அணி அவருக்கு 4 வருடத்துக்கு 6 கோடியே 80 லட்சம் டாலர் ஒப்பந்தம் கொடுத்தது. சீசன் முடிவில், அந்த வருடத்தின் சிறந்த வீரர்கள் என்று தேர்ந்தெடுக்கப்படும் ஆல்-ப்ரோ பட்டியலின் இரண்டாம் அணியில் இடம் கிடைத்தது. 2019-ல் அங்கே லைன் கோச்சாக, அதாவது மறித்து நிற்கும் அந்த ஐந்து பேருக்கான கோச்சாக, வந்த மைக் மன்சாக், தானே கார்டாக ஆடி, பெரிய வீரர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்றவர். லைன்மேன் தேறுவதற்கு இரண்டு வருடமும், கூடவே நிற்கும் ஒரு ஆளும் வேண்டும் என்று எங்கள் தலைவர் முடிப்பார். இதை ஒரு விதியாக வைக்க முடியுமா என்று தெரியாது. ஆனால் எங்கள் கண்முன்னே கிட்டத்தட்ட அப்படித்தான் நடந்தது.

அந்தக் குளிர்காலத்தில் லைன் கோச் மாறினார். புதிதாக வந்தவர் வயதானவர், அதிகம் பேசமாட்டார். வந்த முதல் வாரமே என்னிடம் ஒரு வேலை கொடுத்தார். 74 தன் ஆளைச் சரியாக மறித்த துண்டுகளை மட்டும் எடுத்துத் தொகுக்க வேண்டும். வெளியே சுற்றுபவனை மறித்தது தனியாக, உள்ளே பாய்பவனை மறித்தது தனியாக, நேரே வந்து மோதுபவனை மறித்தது தனியாக. அதுவரை ஒவ்வொரு ஞாயிறும் நாங்கள் அந்தப் பையனுக்குப் போட்டுக் காட்டியதெல்லாம் அவன் தோற்ற துண்டுகள்தான். தான் ஜெயித்ததை அவன் திரையில் பார்த்ததே கிடையாது.

சீசன் முழுவதையும் திரும்ப உட்கார்ந்து பார்த்தேன். வகுப்புகள் நடக்கும் காலத்தில் வெளிநாட்டு மாணவர் வளாகத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். விளையாட்டு வீரர்களுக்கும் சீசனில் கட்டாயப் பயிற்சி வாரத்துக்கு 20 மணி நேரம்தான். இரண்டு வாரம் என் 20 மணி நேரமும் 74-ன் முதுகைப் பார்ப்பதிலேயே போனது. அப்போதுதான் அந்தக் குதிகால் கண்ணில் பட்டது.

டாக்கிள் நிற்கும்போது வெளிப்பக்கக் கால், அவனுக்கு இடது கால், கொஞ்சம் பின்னால் இருக்கும். பந்தோடு ஓடும் திட்டமாக இருந்தால் 74-ன் இடது குதிகால் புல்லிலிருந்து லேசாகத் தூக்கியிருந்தது. பந்தை எறியும் திட்டமாக இருந்தால் பாதம் அரை ஷூ அளவு கூடுதலாகப் பின்னால் போய், குதிகால் மண்ணில் அழுந்தியிருந்தது. வெளுத்த ஷூ, அடியில் நசுங்கிய புல். நிறுத்தி, பின்னால் ஓட்டி, அடுத்த ஆட்டத்தைத் திறந்து பார்த்தேன். மறுபடி அதேதான். எறியப் போகிறோம் என்பதை ஒவ்வொரு முறையும் அவன் கால் முன்கூட்டியே சொல்லிக்கொண்டிருந்தது. கேடு அதோடு நிற்கவில்லை. குதிகாலை ஊன்றி நிற்பவன் பின்னால் முதல் எட்டு வைக்க, முதலில் எடையை முன்பாதத்துக்கு மாற்ற வேண்டும். அந்த ஒரு நொடித் துணுக்கைத்தான் அவன் ஒவ்வொரு முறையும் இழந்தான். அதை ஈடுகட்டத்தான் இடுப்பை மடக்கி, தலையை முன்னால் நீட்டி, இரண்டு கையையும் ஒன்றாக வீசினான். எதிராளி ஒரே தட்டில் இரண்டு கையையும் ஒதுக்கிவிட்டால் அப்புறம் பிடிமானமே கிடையாது, சட்டையைத்தான் பிடிக்க வேண்டும்.

ஆட்டம் தெரியாத நான் இதைக் கோச்சிடம் சொல்லலாமா என்று ஒருநாள் முழுக்க யோசித்தேன். பிறகு நான்கு துண்டுகளை வரிசையாக வைத்துக் காட்டினேன். மூன்று முறை ஓட்டிப் பார்த்தார். நல்லது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, அந்தக் கோப்பைத் தன் கணினிக்கு அனுப்பச் சொன்னார்.

வசந்தகாலப் பயிற்சி மொத்தம் 15 நாள். அதற்குள் கோச் செய்ததை மேலிருந்து பதிவு செய்தேன். புல்லில் வெள்ளை டேப் ஒட்டி, இடது பாதத்துக்கு ஒரே இடம். ஓடினாலும் அங்கேதான், எறிந்தாலும் அங்கேதான். முதல் பத்து நிமிடம் எதிரில் ஆளே கிடையாது. பந்து நகரும், 74 ஒரு எட்டு வைப்பான், நிற்பான், திரும்பி வருவான். ஒரு எட்டு, ஒரே ஒரு எட்டு. அப்புறம் கையில் குத்துச்சண்டைக் கையுறை மாட்டிவிடுவார்கள். விரலே இல்லாவிட்டால் சட்டையைப் பிடிக்க முடியாது இல்லையா? குத்தி நிறுத்த மட்டும்தான் முடியும். இடது கை முதலில், எதிராளி அதைத் தட்டிவிட்டால் வலது கை. காலைப் பனியில் அந்தக் கையுறைகள் ஊறிக் கனத்துவிடும். முடிந்ததும் கழற்றிப் பிழிவான். தண்ணீர் ஒழுகும். எத்தனையோ நாள் அதை ஜூம் செய்து பார்த்திருக்கிறேன், பதிவுக்குத் தேவையே இல்லாமல்.

பயிற்சி முடிந்த மாலைகளில் அவன் எங்கள் அறைக்கு வந்து அந்த நல்ல துண்டுகளைப் போடச் சொல்லிப் பார்ப்பான். முதல் நாள் கூச்சமாக இருந்தது அவனுக்கு. போகப் போக, இங்கே நிறுத்து, இந்தக் கையைப் பார், இதில் நான் அவசரப்படவில்லை என்று அவனே சொல்ல ஆரம்பித்தான். ஒரு மனிதன் தன் வேலையைப் புரிந்துகொள்ளும் இடத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கக் கிடைத்தது என் பாக்கியம் என்றே நினைக்கிறேன்.

2022 சீசன் தொடங்கியது. பெரிய அதிசயம் ஒன்றும் நடக்கவில்லை. முதல் ஆட்டத்தில் ஒரு சாக் விழுந்தது. நான் பயந்தேன், பழைய சங்கிலி திரும்பத் தொடங்கிவிடுமோ என்று. அடுத்த துண்டில் அவன் பாதம் எங்கே என்றுதான் கேமராவில் முதலில் பார்த்தேன். அதே இடத்தில் இருந்தது. வெளியே கூடுதலாகப் போகவில்லை. அவன் தேறிவிட்டான் என்று எனக்கு உறுதியானது அங்கேதான்.

நியூயார்க் ஜயன்ட்ஸில் ஆண்ட்ரூ தாமஸ் ஆல்-ப்ரோ இரண்டாம் அணிக்கு எட்டியதும் அதே சீசனில்தான். 2020-ல் நான்காவது ஆளாகத் தேர்வான லெஃப்ட் டாக்கிள், முதல் வருடம் தடுமாறியபோது தவறான தேர்வு என்று எழுதித் தள்ளினார்கள். 74 அவருடைய துண்டுகளைக் கேட்டு வாங்கிப் பார்ப்பான். வழக்கமாகப் பையன்கள் நல்ல வருடத்தைத்தான் கேட்பார்கள். இவன் முதல் வருடத்தையும் கேட்டான்.

நவம்பர் கடைசி, வெளியூர் ஆட்டம். நான்கு முயற்சிக்குள் 10 கெஜம் முன்னேற வேண்டிய ஆட்டத்தில் மூன்றாவது முயற்சி, இன்னும் 9 கெஜம் போக வேண்டும், காது அடைக்கும் இரைச்சல். ஓரத்து ஆள் உள்ளே பாய்ந்தான், உள்ளே இருந்தவன் வெளியே சுற்றினான். போன வருடம் பார்த்த அதே இடமாற்றம். குரல் கேட்காது என்று தெரிந்ததால் 74 தன் ஆளை உள்பக்கம் தள்ளிக்கொண்டே வலது கையால் கார்டின் தோளில் ஓங்கி ஒரு தட்டு தட்டினான். கார்டு உள்ளே வந்தவனை வாங்கிக்கொண்டான். 74 திரும்பி, வெளியே வந்தவனுக்கு முதலில் இடது கையைக் கொடுத்தான். குவார்ட்டர்பேக் நிதானமாக எறிந்தார், பந்து சேர்ந்தது, கூட்டம் அடங்கியது. டிவிக்காரர்கள் பந்தைப் பிடித்தவனை மூன்று கோணத்தில் காட்டினார்கள்.

ஞாயிறு கூட்டத்தில் நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அந்தத் துண்டு வந்தது. பக்கவாட்டில் ஒருமுறை, பின்பக்கத்தில் ஒருமுறை. பின்பக்கத்தில் அந்தத் தோள்தட்டு தெளிவாகத் தெரிந்தது. கோச் ரிமோட்டை நிறுத்தவில்லை, ஒன்றும் சொல்லவில்லை. தாளில் ஒரு கூட்டல் போட்டுவிட்டு அடுத்த துண்டுக்குப் போனார்.